இரண்டாவது பூட்டு

2022 ஜூன் 12, ஞாயிறு, காலை ஏழேகால் மணி. நூற்றுப் பன்னிரண்டு இணையதளங்கள் ஓடிக்கொண்டிருந்த ஒரு சர்வரின் திரைக்கு முன்னால் சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார்.

அலுவலகம் ஈரோட்டில், பெருந்துறை சாலையில், திரைச்சீலைக் கடை ஒன்றின் மாடியில் இருந்தது. சர்வர் அங்கே இல்லை. வேறு ஏதோ ஊரில், இவர்கள் யாரும் பார்த்திராத குளிர்ந்த அறை ஒன்றில் இருந்தது. இங்கே இருந்தது மூன்று மேசை, ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு குடிநீர் கேன்.

சர்வரைக் கட்டி ஆள்வது பேனல் என்று ஒரு மென்பொருள். ஒரு தளத்துக்கு இடம் ஒதுக்குவது, அதன் மின்னஞ்சலைப் பிரித்துப் போடுவது, கடவுச்சொல்லைக் காப்பது எல்லாமே அதன் வழியாகத்தான். ஆண்டுக்கு ஓரிரு முறை பேனலின் புதிய பதிப்பு வரும். ஏற்றினால், பழைய பாகங்களைக் கழற்றிப் புதியவற்றைத் தானே மாட்டிக்கொள்ளும்.

சிக்கல் ஒன்றுதான். தான் மாட்டிய பாகங்களை மட்டுமே பேனலுக்கு அடையாளம் தெரியும். இடையில் யாராவது கையால் ஒன்றைச் செருகியிருந்தால் அதன்மேல் போய் முட்டும். அதனால் தொடங்குமுன் அதுவே ஒருமுறை சோதித்துப் பார்க்கும். அந்நியமாக ஏதாவது கண்ணில் பட்டால் அங்கேயே நின்றுவிடும்.

அந்தச் சோதனை போதும் என்று மற்ற நிறுவனங்களில் விட்டுவிடுவார்கள். இங்கே அதற்கு முன்னால் இன்னொரு வழக்கம் இருந்தது. உரிமையாளர் ஜெசிந்தா டீ வாங்கி வரச் சொல்வார். டீ வந்ததும் ஒவ்வொருவரையும் பார்த்து ஒரே கேள்வி கேட்பார்.

"பேனல் வெக்காத எதை நீங்க வெச்சிருக்கீங்க?"

இருப்பதைச் சொல்ல வேண்டும். சொன்னதை எடுத்துவிட்டு, புதிய பதிப்பை ஏற்றி, பிறகு பொருந்தினால் திரும்ப வைப்பார்கள். ஏன் வைத்தாய் என்று யாரும் கேட்பதில்லை. ஜெசிந்தா ஒருவரிடம் இரண்டு முறை கேட்டதும் கிடையாது.

ஜெசிந்தாவுக்கு முப்பத்தெட்டு வயது. முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவர். அந்தப் பழக்கத்தில் எல்லோருக்கும் அவர் டீச்சர். சென்னியப்பன் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். நூற்பாலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஃபிட்டராக இருந்து, ஆலை மூடியபின் டீச்சரின் மாலை வகுப்பில் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தவர். வகுப்பு முடிந்த பிறகும் போகவில்லை. இணையதளங்களுக்கு இடம் வாடகைக்கு விடும் இந்தக் கடையை டீச்சர் போட்டபோது கூடவே வந்துவிட்டார்.

அன்று முதல் கேள்வி ரபீக்குக்கு. வாடிக்கையாளர்களின் போனை எடுப்பவர் அவர்.

"நான் வெளியிலிருந்து கொண்டாந்து வெச்சது என் டிபன் பாக்ஸ் ஒண்ணுதான் டீச்சர்."

"அப்புறம்?"

"அந்த ரைஸ் மில்லுக்கு ஒரு ஸ்பேம் பில்டர் போட்டேன். தாங்க முடியாம போட்டேன். தினமும் லாட்டரி விழுந்துருச்சுன்னு மெயில் வருதுன்னு அந்த மனுசன் எனக்கே போன் பண்ணிக் கேட்டாரு, நிஜமா இருக்குமான்னு."

"டிபன் பாக்ஸ் இருக்கட்டும். பில்டரை எடுங்க."

ரபீக் எடுத்தார். டீச்சர் சென்னியப்பன் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, நீங்க?"

"ஒண்ணுமில்லீங்க டீச்சர்."

டீச்சர் டீயைக் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஒண்ணுமே இல்லீங்களா?"

"இல்லீங்க."

கேள்வி இரண்டு முறை வந்ததைச் சென்னியப்பன் கவனித்தார். அதற்கு என்ன பொருள் என்று யோசிக்கவில்லை. வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தார். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், இந்த வழக்கத்தைப் பற்றி அவர் டீச்சரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார்.

"நாம வெச்சது நல்லாத்தானுங்க ஓடுது. ஓடற பொருளை எதுக்குச் சொல்லணும், எதுக்கு எடுக்கணும்?"

ஆலையில் அவர் பெயர் வாங்கியதே அப்படித்தான். கம்பெனியில் இருந்து பாகம் வர மாதம் ஆகும் என்றால், கடைசல் பட்டறையில் நின்று ஒன்றைச் செய்து கொண்டுவந்து மாட்டிவிடுவார். இயந்திரம் ஓடும். மேலதிகாரி முதுகில் தட்டுவார். என்ன மாட்டினாய் என்று யாரும் கேட்டதில்லை.

டீச்சர் பதிலுக்கு வேறொன்று கேட்டார்.

"உங்க வீட்டுல நல்ல பூட்டு ஏதாவது இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. திண்டுக்கல் பூட்டு. ஆலைக் குடோன்ல போட்டிருந்தது."

"நாளைக்குக் கொண்டாங்க. ராத்திரிக்கு நம்ம ஷட்டர்ல போட்டுப் பாக்கலாம்."

மறுநாள் மாலை ஷட்டரின் ஒரு பக்கம் டீச்சரின் பூட்டும் மறு பக்கம் சென்னியப்பனின் பூட்டும் தொங்கின. கனத்த பித்தளைப் பூட்டு. இழுத்துப் பார்த்துத் திருப்தியோடு வீட்டுக்குப் போனார்.

அடுத்த நாள் வழக்கம்போல் ஒன்பதரைக்கு வந்தார். டீச்சர் எட்டு மணிக்கே வந்துவிடுபவர். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். திரைச்சீலைக் கடைக்காரர் அவருக்கு ஒரு செய்தித்தாள் கொடுத்திருந்தார். விளம்பரம் வரை படித்து முடித்திருந்தார்.

"ஏனுங்க டீச்சர், ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"பண்ணியிருக்கலாம்."

சென்னியப்பன் அவசரமாகத் தன் பூட்டைத் திறந்தார். டீச்சர் எழுந்து சேலையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டார்.

"நல்ல பூட்டுங்கண்ணா. என்கிட்டத்தான் சாவி இல்ல."

சென்னியப்பன் பூட்டைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டார். அதன்பின் டீச்சர் கேட்கும்போதெல்லாம் உள்ளதைச் சொன்னார். போன ஆண்டு சொன்னதுதான் கடைசி.

போன ஆண்டு அவர் சொன்னது மாரண்ணனின் தளத்தைப் பற்றி.

மாரண்ணன் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவருடைய தம்பி இளம் வயதில் ஒரு நாள் வீட்டைவிட்டுப் போனவர், திரும்பவில்லை. கண்டக்டராக இருந்த காலம் முழுதும் மாரண்ணன் டிக்கெட் கொடுக்கும்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாராம். ஓய்வுபெற்றதும், காணாமல் போனவர்களின் படங்களைப் போட ஒரு தளம் தொடங்கினார். எழுதிக் கொடுத்தது மருமகன். மருமகன் வெளிநாடு போய்விட்டார், போனை எடுப்பதில்லை. தளம் ஒரு கணினி மொழியின் பழைய பதிப்பில் எழுதப்பட்டிருந்தது. புதிய பதிப்பில் ஓடாது. திறந்தால் வெறும் வெள்ளைப் பக்கம்தான் வரும்.

அதனால் சென்னியப்பன் அந்தப் பழைய பதிப்பை வெளியிலிருந்து கொண்டுவந்து, பேனலுக்குத் தெரியாமல் சர்வரில் ஒரு மூலையில் மாட்டினார். பழைய பாகம், கச்சிதமாக உட்கார்ந்தது. தளம் ஓடியது. அதன் வழியாக ஆண்டுக்கு நாலைந்து பேராவது வீடு சேர்ந்தார்கள்.

போன ஆண்டு மேம்படுத்தலின்போது டீச்சரிடம் சொன்னார். எடுத்தார்கள். திரும்ப மாட்ட அரை நாள் ஆனது. அந்த அரை நாளும் மாரண்ணன் இங்கே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் துணிப்பை. டீ வேண்டாம் என்றார். ஒரே ஒருமுறை கேட்டார்.

"தம்பி, இப்ப யாராச்சும் பாத்தா தெரியாதுங்களா?"

"தெரியாதுங்க."

"செரி."

அந்தச் 'செரி' சென்னியப்பனின் நெஞ்சில் நின்றுவிட்டது.

அன்று மாலை டீச்சர் சொன்னார்: "அண்ணா, அவருக்கு ஒரு தனிப் பெட்டி, சின்னதா ஒரு சர்வர் எடுத்துருங்க. அதுல அந்தப் பழசு மட்டும் ஓடட்டும். மத்த நூத்துப் பதினோரு பேரோட அதைக் குடி வெக்க வேண்டாம். அடுத்த அப்கிரேடுக்குள்ள முடிச்சுருங்க."

"முடிச்சர்றனுங்க."

முடிக்கவில்லை. காரணம் என்று பெரிதாக எதுவும் இல்லை. தளம் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற பொருளைப் பிரிக்கக் கை வரவில்லை. நாளைக்கு என்று தள்ளினார், பொங்கல் வந்தது. பொங்கல் கழியட்டும் என்றார், வெயில் காலம் வந்தது. அடுத்த அப்கிரேடு ஞாயிற்றுக்கிழமை என்று டீச்சர் அறிவித்தபோதுதான் மறுபடி அந்த நாற்காலி கண்ணில் பட்டது.

சனிக்கிழமை மாலை எல்லோரும் போனபின் அவர் ஒரு காரியம் செய்தார். பேனலுக்கு ஒரு வரி எழுதி வைத்தார். இந்த மூலையைப் பார்க்காதே, தொடாதே என்று அதற்குப் பொருள். ஆலையில் பழுது பார்க்கும் இயந்திரத்தின் சுவிட்சில் சிவப்புத் துணி கட்டுவார்கள். துணி தொங்கினால் யாரும் சுவிட்சைப் போடமாட்டார்கள். அப்படி ஒரு துணியைக் கட்டியதாகத்தான் அவர் நினைத்தார்.

ஞாயிறு காலை டீச்சர் பொத்தானை அழுத்தினார். பேனல் சோதித்தது. எதுவும் இல்லை என்றது. டீச்சரின் புருவம் லேசாக உயர்ந்தது. அதைச் சென்னியப்பன் பார்த்தார். திரை வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டார். பேனல் வேலையைத் தொடங்கியது.

"ஒம்பதரை பூசைக்குப் போயிரலாம் டீச்சர்," என்றார் ரபீக். "பாதிரியார் உங்களைக் காணோம்னு போன வாரமே என்கிட்டக் கேட்டாரு."

"உங்ககிட்ட எதுக்குக் கேட்டாரு?"

"அவரு சைட்டுக்கும் நான்தானே போன் எடுக்கறேன்."

அறுபத்தெட்டு சதவீதத்தில் நின்றது.

இடையில் நிற்பது உண்டு. ரபீக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். திரும்பி வந்தபோதும் அறுபத்தெட்டுதான். அப்புறம் அவருடைய போன் அடித்தது. எடுத்துப் பேசி முடிப்பதற்குள் இன்னொன்று.

நூற்றுப் பன்னிரண்டு தளங்களும் நின்றிருந்தன.

அந்த வரி சோதனையை மட்டுமே தடுத்திருந்தது. புதிய பேனல் தன்னுடைய புதிய பாகங்களை மாட்டிக்கொண்டே வந்து, யாரோ பார்க்காதே என்று சொன்ன மூலைக்கு வந்ததும் பார்க்காமல் அதன்மேல் ஏறியிருந்தது. பழையதும் புதியதும் ஒரே இடத்துக்கு மோதிக்கொண்டு, இரண்டும் எழ முடியாமல் கிடந்தன.

டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணா. இப்பச் சொல்லுங்க."

சென்னியப்பன் சொன்னார். பழைய பதிப்பு எங்கே இருக்கிறது என்று சொன்னார். அந்த வரியைப் பற்றியும் சொன்னார். வரியைப் பற்றிச் சொன்னபோது மட்டும் டீச்சரின் கை விசைப்பலகையில் நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

அந்த மூலையைச் சுத்தமாக எடுத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்து பேனலைத் தொடரச் செய்தார்கள். ஒன்பதேகாலுக்கு நூற்றுப் பதினொரு தளங்களும் திரும்பிவிட்டன. ரைஸ் மில் திரும்பியது. பூசை நேரம் போட்டிருந்த தேவாலயத்தின் பக்கம் திரும்பியது. டீச்சர் பூசைக்குப் போகவில்லை.

மாரண்ணனின் தளம் வெள்ளையாக இருந்தது.

"திரும்ப அங்கயே மாட்டிரட்டுங்களா?" என்றார் சென்னியப்பன்.

"மாட்ட முடியாது. கீழ இருக்கற டேட்டாபேஸ் மாறிப்போச்சு. பழசு அதோட பேசாது. தனிப் பெட்டிதான்."

"போன வருசமே சொன்னீங்க."

டீச்சர் புதுச் சர்வர் வாங்கும் பக்கத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பினார்.

பத்தரைக்கு மாரண்ணன் படியேறி வந்தார். யாரும் கூப்பிடவில்லை. தினமும் காலையில் தளத்தைத் திறந்து பார்ப்பவர். அதே நாற்காலியில் உட்கார்ந்தார். துணிப்பையை மடியில் வைத்தார்.

"மறுபடியும் பெரிய அப்கிரேடுங்களா அம்மிணி?"

"ஆமாங்க. உங்களுது வர்றதுக்கு நாளைக்கு ஆயிரும்."

"நாளைக்கா?"

"ஆமாங்க."

"போட்டோவெல்லாம் இருக்குதுங்களா?"

"எல்லாம் பத்திரமா இருக்குதுங்க. காட்டத்தான் முடியல," என்றார் சென்னியப்பன்.

"இருந்துட்டுக் காட்டாத போனா என்ன தம்பி பண்றது." குற்றமாகச் சொல்லவில்லை. பஸ் தாமதம் என்று சொல்லும் பயணியைப் போலச் சொன்னார். பையிலிருந்து ஒரு அட்டைக் கட்டை எடுத்து எண்ணினார். சிறு அட்டைகள். தளத்தின் முகவரி மட்டும் அச்சடித்தது. ஊர் ஊராகப் போய் ஆஸ்பத்திரி வார்டுகளிலும் பஸ் ஸ்டாண்டுகளிலும் ஒட்டுவார்.

"இதுல உங்க போன் நம்பரையும் போட்டிருக்கலாமுங்க," என்றார் ரபீக்.

"நம்பர் ரெண்டு தடவ மாறிப்போச்சுங்க. சைட்டுலதான் இருக்குதே, அதத் தொறந்தா தெரிஞ்சுக்குவாங்கன்னு விட்டுட்டேன்."

மதியம் வரை இருந்துவிட்டுப் போனார். இந்த முறை டீ குடித்தார்.

சென்னியப்பன் அன்றும் மறுநாளும் உட்கார்ந்து தனிப் பெட்டியைத் தயார் செய்தார். புதுச் சர்வர், அதில் பழைய பதிப்பு மட்டும், வேறு யாரும் இல்லை. திங்கள் மாலை தளம் திறந்தது. படங்கள் வரிசையாக வந்தன. முதல் வரிசையில் மூன்றாவது படம், பவானிச் சந்தையில் ஏப்ரலில் காணாமல் போன பாவாயி. வயது எழுபத்தொன்று. பக்கவாதத்துக்குப் பின் பேச்சுக் குழறும். வலது முன்கையில் தேள் பச்சை குத்தியிருக்கும். படம் கொடுத்தது மகன் நல்லசிவம், லேத் பட்டறைக்காரர்.

வேலை எவ்வளவு சுலபமாக முடிந்தது என்பதுதான் சென்னியப்பனைக் குடைந்தது. ஒன்றரை நாள் வேலை. ஓர் ஆண்டு தள்ளியிருந்தார்.

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மாரண்ணன் மறுபடி படியேறி வந்தார். இந்த முறை கூட ஒருவர் இருந்தார். நீலச் சட்டையில் கிரீஸ் கறை. நல்லசிவம்.

மாரண்ணன் உட்காரவில்லை. நல்லசிவத்தை நாற்காலியில் உட்கார வைத்தார்.

"ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து நேத்து போன் வந்துச்சுங்க அம்மிணி. சேலம் தாண்டி. நர்ஸம்மா ஒருத்தங்க."

அவர் சொன்னது இது. ரோட்டோரம் மயங்கிக் கிடந்த ஒரு பாட்டியை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். பேர் சொல்லத் தெரியவில்லை. கையில் தேள் பச்சை. ஞாயிற்றுக்கிழமை உடம்பு தேறிவிட்டது. அன்று மதியம் ஒரு காப்பகத்துக்கு அனுப்ப ஏற்பாடு. டியூட்டி முடிந்து கிளம்பிய நர்ஸ், வார்டுச் சுவரில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்து, அதிலிருந்த முகவரியைப் போனில் திறந்தார். வெள்ளைப் பக்கம். இரண்டு மூன்று முறை திறந்து பார்த்தார். யாரோ மூடிவிட்டுப் போன தளம் என்று நினைத்துக்கொண்டார்.

"அவங்களத் தப்புச் சொல்ல முடியாதுங்க. அப்புறமும் மனசு கேக்காம நேத்து மறுக்காத் தொறந்து பாத்திருக்காங்க. தொறந்துச்சு. மூணாவது படம்."

"அப்புறம்?" என்றார் டீச்சர்.

நல்லசிவம் பேசினார்.

"நேத்தே வண்டி புடிச்சுக் காப்பகத்துக்குப் போனோமுங்க. செவ்வாய்க்கிழமை காலைல பால் வண்டிக்கு கேட்டைத் தொறந்திருக்காங்க. அம்மா நடந்து வெளிய போயிருச்சு. பக்கத்து ஊரெல்லாம் தேடிட்டு வர்றோம்."

நல்லசிவம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது வீட்டுக்குத்தானுங்க கெளம்பியிருக்கும். வழிதான் தெரியாது."

சென்னியப்பன் எழுந்தார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தார்.

"தளம் நின்னதுக்கு நான்தானுங்க காரணம்."

நல்லசிவம் நிமிர்ந்து பார்த்தார். கோபம் வரும் என்று சென்னியப்பன் எதிர்பார்த்தார். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மிசினுன்னா நிக்கத்தாங்க செய்யும்," என்றார் நல்லசிவம். "எங்க பட்டறையிலயும் நிக்குது."

அவரே ஆறுதல் சொல்லிவிட்டு எழுந்தார். பாவாயியின் படத்தை முதல் இடத்துக்கு மாற்றிவிடச் சொன்னார் மாரண்ணன். சென்னியப்பன் அப்போதே மாற்றினார். அட்டையில் போன் நம்பரையும் சேர்த்து அச்சடிக்கத் தருவதாகச் சொல்லிவிட்டு இருவரும் படியிறங்கிப் போனார்கள்.

ஆறு மணிக்கு ரபீக் கிளம்பினார். டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போனார். டீச்சர் விளக்கை அணைத்தார். சென்னியப்பன் ஷட்டரை இறக்கினார். டீச்சர் குனிந்து பூட்டைப் போட்டார். ஒரு பக்கம் மட்டும்தான் பூட்டு. மறு பக்கத்துக் கொக்கி காலியாக இருந்தது.

சென்னியப்பன் படியிறங்காமல் நின்றார்.

"டீச்சர், என்னை வேலைய விட்டு நிக்கச் சொல்லுங்க."

"நின்னா?"

சென்னியப்பன் காலிக் கொக்கியைத் தொட்டுப் பார்த்தார்.

"நாளைக்கு ஒம்பதரைக்கு வாங்க."

டீச்சர் இரண்டு படி இறங்கினார். சென்னியப்பன் பின்னாலிருந்து கேட்டார்.

"நீங்க யாருகிட்டயும் ரெண்டு தடவ கேட்டதில்லீங்களே. அன்னைக்கு எங்கிட்ட மட்டும் ஏன் கேட்டீங்க?"

டீச்சர் நின்றார். திரும்பவில்லை.

"வெள்ளிக்கிழமையே பாத்துட்டேன்."

"எதைங்க?"

"நீங்க வெச்சிருந்ததை. அது அங்கயே இருந்துச்சு. நீங்க தனிப் பெட்டி எடுக்கலைன்னு தெரிஞ்சுது."

கீழே திரைச்சீலைக் கடையில் யாரோ துணியை மீட்டர் மீட்டராக அளந்து கிழிக்கும் சத்தம் கேட்டது.

"தெரிஞ்சா அப்ப ஏனுங்க எடுக்கல?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். சொல்லலைன்னாலும் பேனல் சோதிக்கறப்பக் கண்டுபிடிச்சு நின்னுக்கும். அப்பச் சொல்லித்தானே ஆகணும். உங்களுக்கு அது புரியட்டும்னு நெனச்சேன்."

"சனிக்கிழமைதானுங்க நான் அந்த வரிய எழுதினேன்."

"அது எனக்குத் தெரியாது. பேனல் ஒண்ணுமில்லைன்னதும் நீங்களே எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன்."

சென்னியப்பன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்த வெள்ளிக்கிழமை எத்தனையோ முறை டீச்சர் தன் மேசையைக் கடந்து போனது நினைவுக்கு வந்தது. தண்ணீர் கேனுக்குப் போனார். வரும்போது ஒருமுறை நின்று, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க டீச்சர்."

"சொல்லியிருக்கலாம்."

டீச்சர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். பைக்குள் போடாமல் சற்று நேரம் வைத்திருந்தார்.

"நானும் ஒரு பூட்டுப் போட்டு வெச்சிருந்தேனுங்கண்ணா. சாவி உங்ககிட்ட இல்ல."

டீச்சர் படியிறங்கிப் போனார்.

2023 ஜனவரி 22, ஞாயிறு காலை, பேனலின் அடுத்த பதிப்பு ஏற்றப்பட்டது. கேள்வியைக் கேட்டவர் சென்னியப்பன். முதலில் பதில் சொன்னவர் ஜெசிந்தா. நூற்றுப் பதினொரு தளங்களும் அரை மணிக்குள் திரும்பின. தனிப் பெட்டியில் இருந்த மாரண்ணனின் தளம் இடையில் நிற்கவே இல்லை. அதன் முதல் இடத்தில் பாவாயியின் படம் இன்னும் இருந்தது.